டெக்சாஸில் கற்ற பறத்தலை ஆல்ப்ஸ் மலைகளில் தொடர முடியுமா?

ஹூஸ்டனில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: அவரும் அவருடைய கணவரும் அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் பெற்றவர்கள். அவர் 85 மணி நேரமும் கணவர் 140 மணி நேரமும் பறந்திருக்கிறார்கள். அனைத்தும் செஸ்னா 172 விமானத்தில், கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளியில். அடுத்த ஆண்டு பணி நிமித்தமாக இருவரும் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்குக் குடிபெயர்கிறார்கள். அங்கே பொழுதுபோக்காகப் பறப்பதைத் தொடர முடியுமா, அல்லது மலை நாடு என்பதால் அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டுமா என்று கேட்கிறார்.

தொடரலாம். உங்களைப் போலவே சமவெளியில் கற்றுக்கொண்டு இங்கே வந்து, பல ஆண்டுகளாகப் பறந்துகொண்டிருப்பவன் என்ற முறையில் தயக்கமின்றி இதைச் சொல்கிறேன். ஆனால் புதிதாக வருகிறவர்கள் உரிமத்தை மாற்றுவதுதான் பெரிய வேலை என்று நினைத்து ஆறு மாதம் அதன் பின்னால் அலைகிறார்கள். அது கைக்கு வந்ததும் மறுவாரமே கணவாய் ஒன்றைக் கடக்கக் கிளம்பிவிடுகிறார்கள். உண்மையில் உரிமம் சிறிய வேலை. சமவெளியில் பழகிய கண்ணை மலைக்குப் பழக்குவதே பெரிய வேலை. இரண்டையும் சொல்கிறேன், முதலாவதைச் சுருக்கமாக.

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடு அன்று. ஆனால் ஓர் உடன்படிக்கையின் மூலம் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் விதிகளையே பின்பற்றுகிறது. எனவே நீங்கள் இங்கே பெறும் உரிமம் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி எங்கும் செல்லும். வெளிநாட்டு உரிமத்தை மாற்றுவதற்கான ஐரோப்பிய விதி 2020இல் புதுப்பிக்கப்பட்டது. அதன்படி தனியார் விமானி குறைந்தது 100 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். விமானச் சட்டம், மனிதச் செயல்திறன் ஆகிய இரு பாடங்களில் அறிவை நிரூபிக்க வேண்டும். பிறகு தேர்வாளர் ஒருவருடன் பறந்து செய்முறைத் தேர்வில் தேற வேண்டும். உங்கள் கணவருக்கு இதில் தடையில்லை. உங்களுக்கு 15 மணி நேரம் குறைகிறது. அந்த 15 மணி நேரத்தைக் கிளம்புவதற்கு முன் டெக்சாஸிலேயே பறந்து முடித்துவிடுங்கள். என் பதிலில் பணத்தையும் நேரத்தையும் அதிகமாக மிச்சப்படுத்தும் வரி இதுதான். நூறைத் தொடாமல் வந்தால் இந்தக் குறுக்குவழி உங்களுக்கு இல்லை. பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்ந்து ஒன்பது பாடங்களையும் எழுத வேண்டிய நிலை வரலாம்.

கிளம்புமுன் செய்ய வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. ஓக்லஹோமா சிட்டியில் உள்ள அமெரிக்க விமானிகள் சான்றளிப்புப் பிரிவு, உங்கள் உரிமம் உண்மையானதுதான் என்று சுவிஸ் அலுவலகத்துக்கு உறுதி செய்ய வேண்டியிருக்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முதலிலேயே விண்ணப்பியுங்கள். அமெரிக்க உரிமத்தில் ‘ஆங்கிலத்தில் தேர்ச்சி உண்டு’ என்று மட்டுமே அச்சிட்டிருக்கும். இங்கே சர்வதேச அளவுகோலில் குறைந்தது நான்காம் நிலை என்ற எண் தேவைப்படும். சிறிய மொழித் தேர்வு ஒன்றுக்குத் தயாராக இருங்கள். உங்கள் அமெரிக்க மருத்துவச் சான்று இங்கே செல்லாது. ஐரோப்பிய அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் புதிதாகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

உரிமத்தைப் பெற்ற பிறகு அதை உயிருடன் வைத்திருக்கும் முறையும் வேறு. அமெரிக்காவில் 24 மாதங்களுக்கு ஒருமுறை ஆசிரியருடன் மறுஆய்வு செய்தால் போதும். இங்கே ஒற்றை எஞ்சின் தகுதி இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். இரண்டாம் ஆண்டில் 12 மணி நேரம் பறந்து, அதில் 6 மணி நேரம் தலைமை விமானியாக இருந்து, 12 முறை ஏறி இறங்கி, ஒரு மணி நேரம் ஆசிரியருடன் பயிற்சிப் பறப்பும் முடித்திருந்தால் அதை நீட்டித்துக்கொள்ளலாம். இல்லையேல் தேர்வாளருடன் பறக்க வேண்டும். ஆண்டுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் பறப்பவர்களுக்கு இது சற்றுக் கடினம்.

விமானம் வாடகைக்கு எடுப்பதை மறந்துவிடுங்கள். இங்கே மன்றத்தில் சேர்வதுதான் வழக்கம். பெர்ன், கிரென்ஹென் போன்ற நிலையங்களில் உறுப்பினர்கள் சேர்ந்து விமானங்களைப் பராமரிக்கும் பறப்பு மன்றங்கள் உள்ளன. சுவிஸ் ஏரோ கிளப் 1901இலேயே தொடங்கப்பட்டது என்பதிலிருந்து இந்த மரபின் வயதை அறியலாம். செலவு உங்களைத் திடுக்கிட வைக்கும். நான்கு இருக்கை விமானம் ஒரு மணி நேரத்துக்கு 200 பிராங்கைத் தாண்டும். ஒவ்வோர் இறக்கத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு. அமெரிக்காவில் யாரும் கேட்காமல் பத்து முறை இறங்கி ஏறிப் பழகிய கை இங்கே கணக்குப் பார்க்கத் தொடங்கும். ஒலிக் கட்டுப்பாடும் மிகக் கண்டிப்பானது. நண்பகல் இடைவேளையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பயிற்சிப் பறப்பை அனுமதிக்காத நிலையங்கள் பல. நிலையத்தைச் சுற்றும் பாதை வரைபடத்தில் கோடாகவே போட்டிருக்கும், அது ஊர்களின் மேல் படாமல் வளைந்து வளைந்து செல்லும். அந்தக் கோட்டைவிட்டு விலகி ஒரு ஊரின் மேல் பறந்தால் மாலைக்குள் மன்றத்துக்குத் தொலைபேசி வந்துவிடும். இதை எரிச்சலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இத்தனை சிறிய நாட்டில் இத்தனை புல்தரை ஓடுதளங்கள் இன்றும் திறந்திருப்பதற்கு அக்கம்பக்கத்தாருடன் செய்துகொண்ட இந்த ஒப்பந்தங்களே காரணம்.

மன்றத்தில் சேர்ந்ததும் பெரும்பாலும் ‘ஆல்ப்ஸ் அறிமுகம்’ என்ற பயிற்சியைக் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நீங்களாகக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பயிற்சியில் எனக்கு நடந்ததைச் சொன்னால் ‘கண்’ என்று நான் எதைச் சொல்கிறேன் என்பது விளங்கும்.

ஜூன் மாதச் சனிக்கிழமை காலை. வார இறுதி என்பதால் மைரிங்கன் இராணுவ விமானத் தளத்தில் போர் விமானங்கள் பறக்கவில்லை. பிரியன்ஸ் ஏரியின் மேல் வட்டமடித்து உயரம் சேர்த்துக்கொண்டு ஹாஸ்லி பள்ளத்தாக்குக்குள் நுழைந்து கிரிம்சல் கணவாயை நோக்கிப் போனோம். கணவாயின் உயரம் 2,164 மீட்டர், அதாவது சுமார் 7,100 அடி. நாங்கள் 9,500 அடியில் கடப்பதாகத் திட்டம். பள்ளத்தாக்கின் தரை அணை அணையாக, படிப்படியாக உயர்ந்துகொண்டே வந்தது. இருபுறமும் பாறைச் சுவர். நான் மட்டமாகவே பறப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் ஒன்றும் பேசாமல் வேகமானியை விரலால் தட்டினார். 90 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற வேக அளவு) காட்ட வேண்டிய முள் 68இல் நின்றது. எதிரே உயர்ந்துவரும் சரிவையே அடிவானமாக எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்ப மூக்கை நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டே வந்திருக்கிறேன். எஞ்சின் சத்தத்திலோ கையிலோ எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஆசிரியர் திரும்பச் சொன்னார். ஏரியின் மேல், அடிவானம் ஓரளவு தெரியும் இடத்தில், சமநிலையில் பறக்கவைத்து, என் கண்ணுக்கு நேராகக் கண்ணாடியில் அழிக்கக்கூடிய மையால் ஒரு சிறு கோடு போட்டார். உண்மையான அடிவானம் அந்தக் கோட்டில் இருக்கிறது, மலைக்குள் போன பிறகும் அது அங்கேயேதான் இருக்கும், மலை அதை மறைத்திருக்கிறது அவ்வளவே என்றார். அதற்குப் பிறகு ஒரு பருவம் முழுவதும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே பறந்தேன். உங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு மைக்கோல் வாங்கிக் கொள்ளுங்கள். ஆளின் உயரம் வேறு என்பதால் கோடும் வேறு.

அடுத்தது திரும்புவதற்கான இடம். டெக்சாஸில் திரும்புவதற்கு இடம் போதுமா என்று யாரும் யோசிப்பதில்லை. பள்ளத்தாக்கில் அது ஒன்றே முதல் கேள்வி. 100 நாட் உண்மை வேகத்தில் 30 பாகை சாய்த்துத் திரும்பினால், வந்த வழியே முகம் திருப்ப ஏறத்தாழ 930 மீட்டர் அகலம் வேண்டும். அதே சாய்வில் வேகத்தை 70 நாட்டாகக் குறைத்தால் 460 மீட்டர் போதும். வேகம் பாதிகூடக் குறையவில்லை, இடம் பாதியாகிவிட்டது. ஆகவேதான் பள்ளத்தாக்கின் நடுவில் பறக்காமல் ஓர் ஓரமாக, வழக்கமாக வலது ஓரமாக, சரிவை ஒட்டிப் பறக்கக் கற்றுத் தருகிறார்கள். நடுவில் பறப்பவருக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் பாதி அகலமே மிஞ்சும். சுவருக்கு அருகில் பறப்பது முதல் நாள் உடம்பைக் கூசவைக்கும்; ஆனால் பாதுகாப்பு அங்கேதான் இருக்கிறது.

முகட்டைக் கடக்கும்போது நேராக மோதுவதுபோல் போகாமல் 45 பாகைக் கோணத்தில் அணுக வேண்டும்; கடைசி நொடியில் வேண்டாம் என்று முடிவெடுத்தால் கால் வட்டத் திருப்பமே போதும். கடக்கப் போதிய உயரம் இருக்கிறதா என்பதை உயரமானியைவிடக் கண்ணே தெளிவாகச் சொல்லும். முகட்டுக்கு அப்பால் இருக்கும் நிலம் நெருங்க நெருங்க மேலும் மேலும் தெரியத் தொடங்கினால் நீங்கள் முகட்டுக்கு மேலே இருக்கிறீர்கள்; தெரிந்துகொண்டிருந்தது ஒவ்வொன்றாக மறையத் தொடங்கினால் கீழே இருக்கிறீர்கள், அல்லது இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். மறையத் தொடங்கியதும் திரும்பிவிடுங்கள். காரணத்தைப் பிறகு ஆராயலாம்.

2018 ஆகஸ்ட் 4 அன்று லோகார்னோவிலிருந்து டியூபென்டோர்ஃபுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பழம்பெரும் யுங்கர்ஸ் 52 விமானம் ஒன்று, ஃப்ளிம்ஸ் ஊருக்கு அருகே பிட்ஸ் செக்னாஸ் மலையின் அடியில் விழுந்து, அதிலிருந்த 20 பேரும் இறந்தார்கள். ஓட்டியவர்கள் மிகுந்த அனுபவம் கொண்ட விமானிகள். மாற்று வழி எதுவும் இல்லாத குறுகிய பள்ளத்தாக்குக்குள் தாழ்வான உயரத்திலும், அபாயகரமாகக் குறைந்த வேகத்திலும் நுழைந்ததே காரணம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. மேலே நான் சொன்ன இரண்டும், திரும்ப இடமும் போதிய வேகமும், அங்கே ஒரே நேரத்தில் இல்லாமல் போயின. அந்த அறிக்கை பொதுவில் கிடைக்கிறது. இருவரும் உட்கார்ந்து ஒரு மாலை முழுவதும் அதைப் படியுங்கள்.

காற்றின் அடர்த்தி பற்றி ஹூஸ்டன் கோடையில் பறந்தவர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும், ஆனால் இந்த அளவுக்கு இல்லை. எங்கடீன் பள்ளத்தாக்கிலுள்ள சமேடன் விமான நிலையம் 1,707 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு உரிய சராசரி வெப்பம் 4 பாகை. ஜூலையில் 25 பாகை ஆகும் பிற்பகலில் உங்கள் விமானம் 8,100 அடி உயரத்தில் நிற்பதாகவே உணரும். எஞ்சின் தன் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கை இழந்திருக்கும். அனுமதிக்கப்பட்ட முழு எடையுடன் கிளம்பினால் செஸ்னா 172 நிமிடத்துக்கு 300 அடி ஏறினாலே பெரிது. மலையின் காற்று மறைவில் நிமிடத்துக்கு 500 முதல் 1,000 அடிவரை கீழே தள்ளும் காற்று சாதாரணமாக இருக்கும் என்பதை இந்த 300 உடன் சேர்த்துப் பார்த்தால் மீதிக் கணக்கு தானாக விளங்கும். ஓடத் தொடங்குமுன் மெல்லிய காற்றுக்கு ஏற்ப எரிபொருளின் அளவைக் குறைத்துக் கலவையைச் சரியாக மெலிதாக்குவதை சமவெளிக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். இங்கே அது மறக்கக் கூடாத வேலை.

காற்றுக்கு வருகிறேன். ‘ஃபோன்’ என்று இங்கே அழைக்கப்படும் காற்றை நம்மவர்களுக்கு விளக்குவது எளிது. ஆடி மாதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கம் மழையாகக் கொட்டிவிட்டு, மலையேறி இந்தப் பக்கம் இறங்கும்போது கம்பம், தேனிப் பக்கம் வறண்டு வீசுகிறதே, அதே கதைதான். ஆல்ப்ஸின் தெற்குப் பக்கம் மழை, வடக்குப் பக்கம் வெதுவெதுப்பான வறண்ட காற்று. வானம் பளிங்குபோல் தெளிவாக இருக்கும், மலைகள் கைநீட்டித் தொடும் தொலைவில் தெரியும். சமவெளியிலிருந்து வந்தவர் பறப்பதற்கு இதைவிட நல்ல நாள் கிடையாது என்று நினைப்பார். ஆனால் அந்த நாளில் முகடுகளின் மறைவில் காற்று அருவிபோல் விழும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று நெருக்கிப் பாய்வதுபோல் ஒவ்வொரு கணவாயிலும் பாயும். லுகானோவிலும் சூரிச்சிலும் உள்ள காற்றழுத்தங்களின் வேறுபாட்டைப் பார்ப்பது இங்கே எல்லா விமானிகளுக்கும் பழக்கம். தெற்கே 4 ஹெக்டோபாஸ்கல் அதிகம் என்றால் நான் மலைக்குள் போவதில்லை. முகட்டு உயரத்தில் காற்று 20 நாட்டுக்கு மேல் என்றாலும் போவதில்லை. அனுபவசாலிகள் இதைவிடத் தாராளமான வரம்பு வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு என்னுடைய வரம்பே உங்களுக்குப் போதும்.

வானிலைக்கு ‘காஃபோர்’ என்ற அறிவிப்பு உண்டு. நாட்டின் குறிப்பிட்ட பறப்பு வழிகள் ஒவ்வொன்றுக்கும் திறந்திருக்கிறது, கடினம், மிகக் கடினம், மூடியிருக்கிறது என்ற பொருளில் ஓர் எழுத்தைத் தரும். மிகப் பயனுள்ளது. அதோடு கணவாய்களில் பொருத்தியிருக்கும் இணையப் படக்கருவிகளையும் கிளம்புவதற்கு ஐந்து நிமிடம் முன் பாருங்கள். உள்ளூர்க்காரர்கள் அதைப் பார்க்காமல் விமானத்தில் ஏறமாட்டார்கள். ‘டாப்ஸ்’ என்ற அன்றாட வான்வெளி அறிக்கையும் கட்டாயம்: இராணுவத் துப்பாக்கிப் பயிற்சியும் தடை செய்யப்பட்ட பகுதிகளும் நாளுக்கு நாள் மாறும். காற்றழுத்தத்தை அங்குல அளவில் கேட்டுப் பழகிய உங்களுக்கு இங்கே ஹெக்டோபாஸ்கல் அளவில் சொல்வார்கள். சிறிய நிலையங்களில் வானொலியில் ஜெர்மனும் பிரெஞ்சும் கேட்கும். இவை சில வாரங்களில் பழகிவிடும்.

பெர்னில் குடியிருக்கப் போவதால் பனிமூட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நடுச் சமவெளி முழுவதும் தாழ்வான மேகப் போர்வைக்குள் நாள்கணக்கில் கிடக்கும். அதற்கு மேலே மலைகளில் வெயில் அடிக்கும். போர்வையில் ஒரு துளை கிடைத்து மேலே போனவர் திரும்பி வரும்போது துளை மூடியிருக்கும். நவம்பரில் மலைக்குப் போகிறீர்கள் என்றால், போர்வைக்கு வெளியே இறங்கி இரவு தங்கக்கூடிய ஒரு நிலையத்தையும் அதுவரை போய்ச் சேர எரிபொருளையும் கையில் வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

கம்பிகளைப் பற்றி ஒரே வரி: மேய்ச்சல் நிலங்களுக்குப் பொருள் ஏற்றும் கம்பிகள் பள்ளத்தாக்குகளின் குறுக்கே, பார்வைக்குச் சற்றும் புலப்படாமல் தொங்குகின்றன, தரையிலிருந்து 1,000 அடிக்குக் கீழே மலைக்குள் உங்களுக்கு எந்த வேலையும் இல்லை. எஞ்சின் இல்லாத கிளைடர்களை ஓட்டும் சுவிஸ் விமானிகள் 2004இல் உருவாக்கிய ‘ஃபிளார்ம்’ கருவி மற்ற விமானங்களையும் பதிவு செய்யப்பட்ட தடைகளையும் எச்சரிக்கும். அது பொருத்திய விமானமாகப் பார்த்து எடுங்கள்.

பனியாற்றில் இறங்கும் ஆசை உங்களுக்கும் வரும், வரட்டும். சியோன் நகரத்து ஹெர்மன் கைகர் 1952இல் மடக்கக்கூடிய சறுக்குப் பலகைகள் பொருத்திய பைப்பர் விமானத்துடன் கான்டர் பனியாற்றில் இறங்கிய மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. 1,100 மீட்டருக்கு மேல் விமான நிலையத்துக்கு வெளியே பொழுதுபோக்காக இறங்குவதற்கு, அரசு குறித்துள்ள சுமார் 40 மலை இறங்குதளங்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. அதற்குத் தனி மலைத் தகுதி வேண்டும். சக்கரத்துக்கு ஒன்று, சறுக்குப் பலகைக்கு ஒன்று. ஆசிரியருடன் ஒருமுறை போய்ப் பாருங்கள், ஆனால் தகுதிக்கான பயிற்சியை மூன்றாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருவரும் விமானிகள் என்பது மிகப் பெரிய பலம். ஒருவர் ஓட்ட, மற்றவர் வரைபடம், வேகம், காற்று மூன்றையும் பார்க்கட்டும். இருவரில் யார் ‘திரும்பலாம்’ என்று சொன்னாலும் உடனே திரும்ப வேண்டும், ஏன் என்று தரையில் இறங்கிய பிறகே கேட்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தை முதல் நாளே செய்துகொள்ளுங்கள். முதல் கோடையில் யூரா மலையடிவாரத்திலும் ஏரிகளின் மேலும் பறந்து நாட்டைப் பழகிக்கொண்டு, ஆசிரியருடன் மூன்று நான்கு கணவாய்களைக் கடந்துவிட்டு, பிறகு அதே கணவாய்களை அமைதியான காலைகளில் இருவருமாகக் கடக்கலாம்.

இரண்டாம் கோடையில் சமேடனுக்குப் போங்கள். விமானிகளுக்கென அந்த நிலையம் வைத்திருக்கும் அறிமுகப் பாடத்தை முன்கூட்டியே முடித்துவிட்டு, விடிந்ததும் கிளம்பி, பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். பெரும்பாலான பள்ளத்தாக்குகளில் பகல் காற்று மேல்நோக்கி வீசும். எங்கடீனிலோ நண்பகலுக்குப் பிறகு மலோயாக் கணவாயிலிருந்து கீழ்நோக்கி வீசத் தொடங்கி, ஏரிகளை வெண்நுரையாக்கி, ஓடுதளம்வரை வந்துவிடும். சில்வாப்ளானா ஏரியில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீரில் சறுக்கும் வீரர்கள் அந்தக் காற்றுக்காகவே காத்திருப்பார்கள். ஏரி நுரைக்கத் தொடங்குவதற்குள் நீங்கள் கிளம்பியிருக்க வேண்டும். தாமதமாகிவிட்டால் விமானத்தை இறுகக் கட்டிவிட்டு, இரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலையில் பெர்னுக்குத் திரும்புங்கள்.